பரணைக் குளிர வைக்க ஏன் கரண்ட் பில் கட்ட வேண்டும்?

ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பவனைப் பார்த்தால் என்ன சொல்வோம்? முதலில் ஓட்டையை அடைப்பா என்போம். குழாயைப் பெரிதாக மாற்று என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற வெயில் மாநிலங்களில், வீடு குளிரவில்லை என்றால் பலருக்கும் முதலில் கிடைக்கும் ஆலோசனை "பெரிய ஏசி போடுங்க" என்பதுதான். இது தப்பான வரிசை என்பது என் கட்சி. முதலில் டக்ட், அப்புறம்தான் மெஷின்.

நம்மூர் ஸ்ப்ளிட் ஏசியை மட்டும் பார்த்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அங்கே பெரும்பாலான வீடுகளில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஏசி. அதிலிருந்து டக்ட் என்கிற பெரிய காற்றுக் குழாய்கள் ஒவ்வொரு அறைக்கும் போகும். அறைக் காற்றைத் திரும்ப மெஷினுக்கு இழுத்து வர ரிட்டர்ன் டக்ட் தனி. ஹூஸ்டன் பக்கம் நிறைய வீடுகளுக்கு நிலவறை கிடையாது. அதனால் மெஷினும் குழாய்களும் கூரைக்கும் அறையின் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள அட்டிக்கில், அதாவது பரணில், இருக்கும்.

கோடை மதியத்தில் அந்தப் பரண் சர்வ சாதாரணமாக 130 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும். நம் கணக்கில் 54 டிகிரி செல்சியஸ். அதன் வழியாக 13 டிகிரி குளிர்காற்று போகிறது. வீட்டிலேயே மிகச் சூடான இடத்தில் மிகக் குளிர்ந்த காற்றை, இணைப்புகள் விட்டுப்போன குழாயில் அனுப்புகிறோம். யோசித்தால் சிரிப்புதான் வருகிறது :-)

எவ்வளவு போகிறது? அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்லும் கணக்குப்படி, ஒரு சாதாரண வீட்டில் டக்டுக்குள் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலும் சரியில்லாத இணைப்பிலும் வீணாகிறது. ஒரு 3 டன் ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி என்று மொத்தம் 1200 கன அடி காற்று. அதில் 20 சதவீதம் பரணில் கசிந்தால் 0.6 டன் குளிர்ச்சி காலி. பரண் வெளிக்காற்றுக்குத் திறந்தது, அதனால் அது வீட்டுக்குத் திரும்பி வராது.

ரிட்டர்ன் பக்கம் இன்னும் மோசம். அங்கே காற்று வெளியே போகாது, பரணின் வெந்த காற்று உள்ளே உறிஞ்சப்படும். வெறும் 10 சதவீதம் கசிவு, அதாவது 120 கன அடி, 54 டிகிரியில் உள்ளே வந்தாலே அதைக் குளிர வைக்க மறுபடியும் கிட்டத்தட்ட 0.6 டன் வேண்டும். கூடவே தூசியும் ஈரப்பதமும் இலவசம்.

இந்த வீட்டில் போய் 4 டன் மெஷினை மாட்டினால் என்ன ஆகும்? அதே பழைய குழாயில் அதிகக் காற்றைத் தள்ளும்போது உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். அது மட்டுமல்ல, தேவைக்கு மீறிய ஏசி சீக்கிரம் குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. ஹூஸ்டன் போன்ற புழுக்கமான ஊரில் வீடு குளிர்ந்தும் பிசுபிசுப்பு போகாது.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சப்ளை டக்ட் பரணில் கசிந்தால் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறையும். ரிட்டர்ன் கசிவு கேஸ் ஹீட்டர் இருக்கும் சின்ன அறையில் இருந்தால் அங்கேயும் அதே கதை. அப்போது புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டிய புகை, கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து உள்ளே திரும்பலாம். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கேஸ் சாதனம் உள்ள வீட்டில் டக்டை அடைத்த பிறகும் புகை சரியாக வெளியேறுகிறதா என்று சோதிக்க வேண்டும். அலாரமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எதை வைத்து அடைப்பது? பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத பொருள் 'டக்ட் டேப்'. 1998ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பலவகை டேப்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். துணி வைத்த சாதாரண டக்ட் டேப்தான் படுதோல்வி! சரியான பொருள் மாஸ்டிக் என்கிற பசை. இணைப்பின் மேல் ஒரு நாணயத்தின் கனத்துக்குப் பிரஷால் பூச வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் முதலில் ஃபைபர் வலை ஒட்டிக்கொள்ள வேண்டும். டேப்தான் வேண்டும் என்றால் யூ.எல். 181 முத்திரை உள்ள ஃபாயில் டேப்.

முதலில் பார்க்க வேண்டியது கழன்று கிடக்கும் குழாய்கள். அடுத்து மெஷினை ஒட்டிய இணைப்புகள், அழுத்தம் அங்கேதான் அதிகம். ஃபைபர் உறையில் கருப்பாக அழுக்குக் கோடு தெரிந்தால் அதன் அடியில் கசிவு இருக்கலாம். பரண் ஏறுவதாக இருந்தால் விடியற்காலையில் ஏறுங்கள். கட்டையில் மட்டும் கால் வையுங்கள், இல்லாவிட்டால் கால் கீழே உள்ள அறையில் தொங்கும்.

இவ்வளவு எளிய வேலை ஏன் நடப்பதில்லை? மெஷின் விற்றால் லாபம், படமும் போட்டு விளம்பரம் செய்யலாம். பரணில் ஊர்ந்து பசை பூசுவது யார் கண்ணிலும் படாது. வாடகை வீடு என்றால் இன்னும் சிக்கல். டக்ட் வீட்டுக்காரருடையது, கரண்ட் பில் குடியிருப்பவருடையது. நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் பழைய வீடுகளில் இந்தப் பில்லைப் பங்கு போட்டுக் கட்டுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் இதைத் தனிமனிதர்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். கலிபோர்னியாவில் 2005 விதிகளிலிருந்தே பல பகுதிகளில் ஏசியை மாற்றும்போது டக்ட் கசிவையும் சோதித்தாக வேண்டும். மின்விசிறியால் டக்டுக்குள் 25 பாஸ்கல் அழுத்தம் ஏற்றி, எவ்வளவு காற்று தப்புகிறது என்று அளந்துவிடுகிறார்கள். வெயில் அதிகமுள்ள எல்லா மாநிலங்களிலும் இது வர வேண்டும். வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் வர வேண்டும்.

அதுவரை, பெரிய ஏசி விற்க வருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் டக்ட் எவ்வளவு கசியுதுன்னு அளந்து பார்த்தீங்களா?" இல்லை என்றால் விலை பேசவே வேண்டாம்.