பிடித்த பணம் யார் பணம்?

சேலத்தில் நூல் மில்கள் ஓடுகின்றன. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிச் சத்தம் ஓய்வதில்லை. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். உழைப்பை நம்பியே வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

உழைக்கிறவனுக்கும் ஒருநாள் உடம்பு தளரும். அந்த நாளுக்காகத்தான் 1952-ம் ஆண்டில் தொழிலாளர் சேமநல நிதிச் சட்டம் வந்தது. "பி.எப்." என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

கணக்கு எளிது

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாயைப் பிடிப்பார்கள். முதலாளியும் 1,200 ரூபாய் போடவேண்டும். அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும். ஆக மொத்தம் 2,400 ரூபாய். அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

சில முதலாளிகள் மாதம் தவறாமல் பிடிக்கிறார்கள், ஆனால் கட்டுவதில்லை! கேட்டால், "வியாபாரம் மந்தம், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். ஒரு வருடம் கட்டாவிட்டால் தொழிலாளிக்கு 28,800 ரூபாய் நஷ்டம். வட்டி வேறு.

அரசு பஸ்சிலும்!

தனியார் மட்டும்தானா? தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகங்களில் என்ன நடந்தது? பிடித்த சேமநல நிதியையும் மற்ற பிடித்தங்களையும் உரிய இடத்தில் கட்டாமல், கழகங்களின் செலவுக்கு எடுத்துக்கொண்டதாகத் தொழிற்சங்கங்கள் புகார் கூறின. 2018 ஜனவரி 4-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வாரம் நீடித்தது. சேலத்திலும் நாமக்கல்லிலும் பொங்கலுக்கு ஊர் போக வேண்டிய மக்கள் தவித்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் பாக்கிக்கு 750 கோடி ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. பாக்கி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கடன் அல்ல, நம்பிக்கை மோசடி

முதலாளிக்கும் கஷ்டம் வரலாம். பஞ்சு விலை ஏறும், நூல் தேங்கும். அதற்காக வேறொருவன் உண்டியலை உடைக்கலாமா? பிடித்த அந்த நிமிடமே அது தொழிலாளியின் பணம். முதலாளி அதைக் காப்பவர்தான். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது.

சட்டம் இருந்தால் போதாது. ஓய்வு பெறும் நாளில் விழித்துக்கொண்டு பயன் என்ன? ஒவ்வொரு தொழிலாளிக்கும் 12 இலக்கக் கணக்கு எண் உண்டு. பணம் ஏறியதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். தனக்குத் தெரியாவிட்டால், படிக்கிற பிள்ளையைச் செல்போனில் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். பணம் ஏறவில்லை என்றால் தனியாகப் பயப்பட வேண்டாம். சக தொழிலாளிகளையும் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு சேமநல நிதி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

அதிகாரிகளும் வருடக்கணக்கில் பாக்கி ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் மாதமே கேட்க வேண்டும். முதல் மாதத்தில் 2,400 ரூபாயை வாங்குவது சுலபம். மில்லை மூடிவிட்டுப் போனபிறகு யாரிடம் வாங்குவது?