விதையெண்ணெயும் விஞ்ஞான சோதனையும்

மூலிகை என்னும் பெயர் ஒன்றே ஒரு பொருளுக்குப் போதிய நற்சான்றாகும் என்று கருதுவோர் எம்மிடையே பலர் உளர். இக்கருத்து எத்துணை ஆபத்தானது என்பதைத் தரிசு நிலங்களில் முள்ளிலையும் மஞ்சட்பூவுமாய் நிற்கும் பிரமதண்டு என்னும் செடி நன்கு உணர்த்தும்.

தோல் நோய் முதலியவற்றுக்கு நாட்டு வைத்தியத்தில் வழங்கும் இச்செடி மெக்சிக்கோ நாட்டைத் தாயகமாகக் கொண்டது. இதன் விதை கடுகினை ஒத்தது. விதையின் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு எண்ணெயாகும். அவ்வெண்ணெயைப் பகுத்து நோக்கின், அதன் பெரும்பகுதி இலினோலெயிக்கமிலமும் ஒலெயிக்கமிலமும் சார்ந்த கொழுப்பே எனக் காணலாம். நாம் நாள்தோறும் உண்ணும் நல்லெண்ணெயிலும் இவ்விரு அமிலங்களே மிகுந்துள்ளன. இவ்வளவில் ஆராய்ச்சியை நிறுத்துவோமாயின், பிரமதண்டெண்ணெய் உண்ணத்தக்கது என்றே முடிவு செய்வோம்.

அம்முடிவு உயிருக்கே உலைவைப்பதாகும். அவ்வெண்ணெயில் மிகச் சிறிய அளவிலே கலந்துள்ள சங்குயினரின் முதலிய அற்கலோயிட்டுகள் கொடிய நஞ்சாவன. வங்காளத்திலே 1877ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் முதன்முதல் அறியப்பட்ட கொள்ளை நீர்வீக்க நோய்க்குக் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. கடுகெண்ணெயிற் கலந்த பிரமதண்டெண்ணெயே காரணமாகலாம் என்று 1926ஆம் ஆண்டிற் சர்க்கார் என்னும் மருத்துவர் எடுத்துக் கூறினார். பின்வந்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தின. கால்கள் வீங்கும், இருதயம் தளரும், கண்ணின் அழுத்தம் மிகுந்து பார்வையும் கெடும். இவ்வளவும் அறிந்த பின்னரும், 1998ஆம் ஆண்டில் டில்லியில் இக்கலப்பினால் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆமணக்கினை இதனோடு ஒப்பிடுக. அதன் விதையிலுள்ள இரிசின் என்னும் நஞ்சு புரத வகையைச் சேர்ந்தது, எண்ணெயிற் கரையாது. எனவே எண்ணெயைப் பிழிந்தெடுக்கும்போது அது பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றது. பிரமதண்டின் நஞ்சோ எண்ணெயுடன் சேர்ந்தே வருகின்றது. இரண்டும் மருந்துச் செடிகளே. இரண்டின் விதையிலும் நஞ்சுண்டு. எனினும் ஒன்றின் எண்ணெய் குழந்தைக்குங் கொடுக்கப்பட்டு வந்தது. மற்றையதன் எண்ணெய் குடும்பத்தையே வீழ்த்தியது. இவ்வேற்றுமையைப் பெயரும் வழக்கமும் காட்டமாட்டா. இரசாயனப் பகுப்பே காட்டும்.

முன்னோர் மருந்தைச் சோதனைக் குழாயில் இடுவது அவர்களை இழிவுபடுத்துவதாகும் எனச் சிலர் வருந்துவர். நேர்வாள விதையைச் சுத்தி செய்யாது மருந்திற் சேர்த்தலாகாது என்று விதித்தது சித்த மருத்துவமே அன்றோ? மருந்தினுள் நஞ்சும் உறையும் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். அவ்விழிப்பினை இக்காலக் கருவிகளைக் கொண்டு தொடர்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

ஆகவே மூலிகை விதையெண்ணெயை ஆராயப் புகும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். அயடீன் பெறுமானத்தையும் சவர்க்காரமாக்கற் பெறுமானத்தையும் கணித்து அட்டவணையை நிரப்பியவுடன் வேலை முடிந்ததென்று எண்ணற்க. எஞ்சி நிற்கும் சிறுபகுதியிலேதான் குணமும் குற்றமும் மறைந்திருத்தல் கூடும். பிரமதண்டு கலந்த எண்ணெயுடன் செறிந்த நைத்திரிக்கமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினாற் செம்மஞ்சள் முதலாகச் சிவப்பு வரையான நிறம் தோன்றும். ஆயினும் சொற்பக் கலப்பு இச்சோதனைக்குத் தப்பிவிடும். அதனைத் தாள் நிறப்பதிவியல் காட்டிக் கொடுக்கும். ஒரு சோதனையோடு அமையாது, மேலும் நுண்ணிய சோதனையை நாடுவதே விஞ்ஞான மனப்பான்மையாகும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தையும் பயிற்றுகின்றது, இரசாயனத்தையும் பயிற்றுகின்றது. வைத்தியர் செடியை இனங்காட்ட, இரசாயனவியலார் அதன் கூறுகளைப் பிரித்துக்காட்ட, இரு சாராரும் ஒரே மேசையில் அமரும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும். விழாக் காலத்திலே தூணும் வளைவும் எழுப்ப முன்வரும் பழைய மாணவர்கள், தம் கொடையில் ஒரு பங்கினைக் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குவார்களாக. அங்கே ஐயுற்று வினவக் கற்ற மாணவன் ஒருவன், நாளை ஊரார் உண்ணும் எண்ணெயைக் காப்பவனாவான்.