பாக்கெட் பக்கம்: ஒயர் சீவ பட்டன் எதுக்கு தம்பி?

மேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. பேன்ட் பாக்கெட், பேக் சைடு ஜிப் ரெண்டையும் காலி பண்ணி டேபிள் மேல கொட்டுங்க. என்ன இருக்கு? போன், பர்ஸ், ஐ.டி. கார்டு, வண்டிச் சாவி, போன மாச எலெக்ட்ரிக் டிரெயின் டிக்கெட், பாதி உருகின ஒரு மிட்டாய்... அவ்ளோதானே?

இப்படி தினமும் நாம கூடவே தூக்கிட்டுத் திரியற ஐட்டங்களுக்கு வெளிநாட்டுல 'எவ்ரிடே கேரி'னு பேர் வெச்சு, 'இ.டி.சி.'னு ஸ்டைலா சுருக்கிட்டாங்க. கத்தி, டார்ச், பேனா, கீ-செயின்னு ஆளுக்கு ஒரு செட். அதைப் பார்த்துட்டு நம்ம பசங்களும் 'கம்மி விலையில ஒரு பாக்கெட் கத்தி சொல்லு மச்சி'ன்னு கிளம்பிட்டாங்க.

ஆனா, நம்ம ஊருக்கு இது புதுசே இல்லை பாஸ். பாட்டியோட சுருக்குப் பையை யோசிச்சுப் பாருங்க. வெத்தலை, பாக்குவெட்டி, சில்லறை, எட்டா மடிச்ச ஒரு நோட்டு. அந்தக் காலத்துத் தாத்தாக்கள் அரைஞாண் கயித்துலயே முள்வாங்கியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. அம்மாக்களோட தாலிச் செயின்ல எப்பவும் நாலு ஊக்கு. இதுல ஒண்ணுகூட பந்தாவுக்கு இல்லை. எல்லாத்துக்கும் தினமும் வேலை இருந்தது. இந்த வாரம் நான் சொல்ல வர்றதும் அதேதான். அதைப் புரிஞ்சுக்க நான் கொடுத்த விலைதான் ஜாஸ்தி!

அந்த 250 ரூபாய் கத்தி

செகண்ட் இயர்ல மினி புராஜெக்ட். தினமும் ஒயர் சீவணும், அட்டை வெட்டணும். தாம்பரத்துல டிரெயின் ஏறினா கடைசி ஸ்டேஷன் பீச். இறங்கி வெளியில வந்தா பர்மா பஜார் பக்கம். 1969லேர்ந்து இருக்கற மார்க்கெட். டார்ச், ஹெட்போன், வாட்ச், கத்தின்னு கொட்டிக் கிடக்கும். அங்கே சுத்திட்டு, திரும்பற வழியில ஒரு கடையில வாங்கினேன். கறுப்பு கலர் கத்தி. பட்டனை அமுக்கினா 'சடக்'னு வெளியில வரும். 250 ரூபாய். செம கெத்து!

அந்தக் கெத்து சரியா அரை மணி நேரம் நீடிச்சது. நடுவுல ஒரு ஸ்டேஷன்ல காலேஜ் பசங்க பேக்கை எல்லாம் செக் பண்ணிட்டிருந்தாங்க. என் பேக்லேர்ந்து கத்தி வெளியில வந்தது. முதல் கேள்வி, 'எந்த காலேஜ்?' ரெண்டாவது கேள்வி, 'எந்த ரூட்டு?'

அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. 2019 ஜூலையில அரும்பாக்கத்துல 29இ பஸ்ஸுல வந்த மாணவர்களை சக மாணவர்களே பட்டாக்கத்தியோட விரட்டி வெட்டின வீடியோவை ஊரே பார்த்தது. 'ரூட்டு தல' சண்டையைப் பார்த்த ஊர்ல, பேக்ல பட்டன் கத்தி வெச்சிருக்கிற ஸ்டூடன்ட்டை யாரா இருந்தாலும் உட்கார வெச்சுத்தான் விசாரிப்பாங்க.

'ஒயர் சீவ வாங்கினேன் சார்'னு சொன்னேன். அந்தக் கான்ஸ்டபிள் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். திட்டலை. அமைதியா கேட்டார்: 'ஒயர் சீவ பட்டன் எதுக்கு தம்பி?'

சத்தியமா என்கிட்ட பதில் இல்லை.

அப்பாவுக்குப் போன் போனது. அரை நாள் லீவு போட்டுட்டு வந்து நின்னார். 'பையன் படிக்கிறவன் சார்... தெரியாம வாங்கிட்டான் சார்'னு அவர் கையைக் கட்டிட்டுச் சொன்னப்ப, எனக்கு பிளாட்பாரமே பிளந்துக்கக் கூடாதான்னு இருந்தது. கத்தியை வாங்கி வெச்சுக்கிட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு விட்டாங்க. தாம்பரம் வர்ற வரைக்கும் அப்பா பேசலை. சேலையூர் பஸ்லயும் பேசலை. வீட்டுக்கு வந்ததும் தன்னோட சாவிக்கொத்தை எடுத்து டேபிள் மேல வெச்சார். அதுல ஒரு பழைய நெயில் கட்டர். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கத்தி. 'நீ பொறந்ததுலேர்ந்து எனக்கு இது போதுமா இருக்கு.'

ஓகே... அழுகாச்சி சீன் ஓவர். மேட்டருக்கு வருவோம்.

சட்டம் என்ன சொல்லுது?

1959ஆம் வருஷ ஆயுதச் சட்டம், அதுக்கு இப்ப நடைமுறையில இருக்கற 2016ஆம் வருஷ விதிகள். 9 அங்குலத்துக்கு மேல நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்திகள் அதோட ஆயுதப் பட்டியல்ல வருது. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் வேலைக்குன்னு செஞ்ச கத்திகளுக்கு மட்டும் விலக்கு. பட்டன் கத்தின்னா இன்னும் உஷார்! டெல்லியில 1980லயே அதுக்குன்னு தனி அறிவிப்பு போட்டுட்டாங்க.

'அப்ப 3 அங்குலக் கத்தின்னா பிரச்னையே இல்லையா?'ன்னு கேட்காதீங்க. ஸ்கேல் மட்டும் பேசாது. எந்த இடத்துல, எந்த நேரத்துல, எதுக்காக வெச்சிருக்கீங்கங்கறதும் சேர்ந்துதான் பேசும். ஏர்போர்ட் கேபின் பேக், மெட்ரோ ஸ்டேஷன் ஸ்கேனர், தியேட்டர், மால், எக்ஸாம் ஹால், கோர்ட், பொதுக்கூட்டம்... இங்கெல்லாம் கத்தி வீட்டுலயே இருக்கட்டும். காலேஜ் ரூல்ஸையும் ஒரு தடவை படிச்சுடுங்க.

சரி, எதை வாங்கலாம்?

முதல்ல ஒரு வாரம் எதையும் வாங்காதீங்க. 'இப்ப ஒரு கத்தி இருந்திருந்தா!'ன்னு தோணும்போதெல்லாம் நோட்டுல குறிச்சு வைங்க. என் லிஸ்ட்: பார்சல் டேப் கிழிக்க, ஒயர் சீவ, பென்சில் சீவ, சார்ட் பேப்பர் வெட்ட, கொய்யாக்கா நறுக்க. இதுல எதுக்காச்சும் ராம்பூரி கத்தி வேணுமா?

ஸ்டேஷனரி கடை கட்டர்: நம்ம ரேஞ்சுக்கு நம்பர் ஒன் இதுதான். 30, 40 ரூபாய்க்கு கிடைக்குது. இதுக்குப் பின்னாடி ஒரு சூப்பர் கதை உண்டு. 1956ல ஜப்பானோட ஒசாகாவுல, பிரின்டிங் வேலை பார்த்த யோஷியோ ஒகாடாவுக்கு பிளேடு அடிக்கடி மொக்கையாகுதேன்னு கவலை. சாக்லேட் பாரை கட்டம் கட்டமா உடைக்கிறோமே, அந்த மாதிரி பிளேடையும் உடைச்சா என்னன்னு யோசிச்சார். பிறந்தது 'ஒல்ஃபா' கட்டர். இன்னிக்கு நம்ம தெருக்கோடி கடையில தொங்கற கட்டரும் அதே ஐடியாதான். நம்ம வேலைக்கு 9 மி.மீ. பிளேடு போதும். ஸ்லைடர் கெட்டியா நிக்குதான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. ஒரு ரிக்வெஸ்ட்: உடைச்ச துண்டை அப்படியே குப்பையில வீசாதீங்க. டேப் சுத்தி, காலி மாத்திரை டப்பாவுல போட்டு மூடுங்க. அந்தக் குப்பையைப் பிரிக்கிறது ஒரு மனுஷனோட கை.

நெயில் கட்டர் கத்தி: அப்பா ஸ்பெஷல். நூல் வெட்ட, கவர் கிழிக்க, நகம் வெட்ட. பார்க்கிறவங்க யாருக்கும் பயம் வராது. கத்திக்கு இதைவிட பெரிய குவாலிஃபிகேஷன் என்ன வேணும்?

சுவிஸ் குட்டிக் கத்தி: பகெட் இருந்தா, இல்ல வெளிநாட்டு மாமா ஊருக்கு வந்தா... விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்.டி. மூடினா 58 மி.மீ., அதாவது ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லை. கத்தி, கத்தரிக்கோல், நகம் தேய்க்கிற அரம், முள்வாங்கி, பல்குச்சி எல்லாம் உள்ளேயே. நிஜமா தினமும் யூஸ் ஆகறது கத்தரிக்கோல்தான். சிவப்புப் பிடி போட்ட டூப்ளிகேட்டும் மார்க்கெட்ல நிறைய. அதுல கத்தரிக்கோல் பேப்பரைக் கடிக்கும், வெட்டாது. வாங்கறப்ப கடையிலேயே ஒரு பேப்பரை வெட்டிப் பாருங்க.

'இல்ல பாஸ், எனக்கு மடக்குக்கத்தியேதான் வேணும்'னு அடம்பிடிக்கிறவங்களுக்கு நாலு டெஸ்ட். ஒண்ணு, திறந்து பிடிச்சுட்டு பிளேடை இடமும் வலமும் லேசா ஆட்டுங்க. ஆடினா வேண்டாம். ரெண்டு, மூடினப்ப பிளேடு பிடியோட நடுவுல உட்காரணும், ஓரத்துல உரசக் கூடாது. மூணு, லாக். உள்ளே இருக்கற மெல்லிய தகடு பிளேடோட அடிக்குப் பின்னாடி வந்து நல்லா முட்டுக்கொடுக்கணும். விரலை மடங்கற பாதையில வைக்காம, பிளேடோட முதுகை மரத்து மேல லேசா அழுத்துங்க. மடங்கிச்சுன்னா, அது கத்தி இல்ல, விரல் வெட்டி! நாலு, நீளம் 3 அங்குலத்துக்குள்ள, பட்டனும் ஸ்பிரிங்கும் இல்லாம.

ஸ்டீல் பத்தி ரெண்டு வரி. மெக்கானிக்கல் பசங்க மன்னிக்கவும்! ஸ்டெயின்லெஸ்னு சொல்லணும்னா குரோமியம் குறைஞ்சது 10.5 சதவீதம் இருக்கணும். பட்ஜெட் கத்திகள்ல '8சிஆர்13எம்ஓவி'ன்னு ஒரு மந்திரம் போட்டிருக்கும். பயப்படாதீங்க. சுமாரா 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம்னு அர்த்தம். நம்ம வேலைக்குத் தாராளம். வெறும் கார்பன் ஸ்டீல் சீக்கிரம் கூர் ஏறும், ஆனா சென்னைப் புழுக்கத்துக்கும் மாங்காய்ப் புளிப்புக்கும் சீக்கிரமே துரு ஏறும். எதை வாங்கினாலும் பழம் நறுக்கினா உடனே கழுவித் துடைச்சு, இடுக்குல ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்... இல்லல்ல! அது நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி.

கத்தியைவிட முக்கியமானது

2015 டிசம்பரை சேலையூர், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க. டிசம்பர் 2ஆம் தேதி காலை வரைக்கும் 24 மணி நேரத்துல தாம்பரத்துல பெஞ்ச மழை 49 செ.மீ.! நான் அப்ப ஸ்கூல் பையன். கரன்ட் இல்லை, போன்ல சார்ஜ் இல்லை, சார்ஜ் இருந்தவங்களுக்கு டவர் இல்லை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப நிலைமை கிட்டத்தட்ட அதேதான். கூடவே புதுசா ஒரு பிரச்னை: நெட்வொர்க் போனா ஜி-பேவும் போச்சு. பால் பாக்கெட் வாங்கக் கையில நோட்டு இல்லாம நின்னோம். அந்த ரெண்டு தடவையும் எங்க வீட்டுல யாரும் கத்தியைத் தேடலை. தேடினது இதைத்தான்:

சின்ன எல்.இ.டி. டார்ச். போன் டார்ச் இருக்கேன்னு சொல்லாதீங்க. போன் சார்ஜ் அப்ப தங்கம். ஒரே ஒரு ஏ.ஏ.ஏ. செல் போடற டார்ச் பெஸ்ட், செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

ரெண்டு 50 ரூபாய் நோட்டு. ஐ.டி. கார்டுக்குப் பின்னாடி மடிச்சு வைங்க. பாட்டி டெக்னிக்!

நாலு போன் நம்பர், பேப்பர்ல. அப்பா நம்பரை மனப்பாடமா சொல்லுங்க பார்ப்போம்... முழிக்கிறீங்கல்ல? கூடவே பிளட் குரூப்.

ஊக்கு ரெண்டு, ரப்பர் பேண்ட் நாலு. பிஞ்ச செருப்பு, அறுந்த பேக், ஜிப் போன பேன்ட் எல்லாத்துக்கும் இதுதான் ஃபர்ஸ்ட் எய்டு.

விசில் ஒண்ணு. இருட்டுல, தண்ணியில, தொண்டையைவிட அது ரொம்ப தூரம் கேட்கும்.

500 ரூபாய் பட்ஜெட்

நான் வாங்கின கணக்கு இது. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். கட்டர் 40, கத்தி வெச்ச நெயில் கட்டர் 80, டார்ச் 150, விசில் 20, ஊக்கு, ரப்பர் பேண்ட் 20. மொத்தம் 310. எமர்ஜென்சி நோட்டு 100 சேர்த்தா 410. மிச்சம் 90ல கேம்ப் ரோடுல டீயும் பஜ்ஜியும். எல்லாமே ஹார்டுவேர் கடையும் ஸ்டேஷனரி கடையும் கொடுத்தது. பீச் வரைக்கும் போகவே இல்லை!

ஒரு சீரியஸ் மேட்டர்

'பாதுகாப்புக்கு ஒரு கத்தி இருக்கட்டுமே'ன்னு நினைக்கிறவங்க, முக்கியமா தோழிகளே... ப்ளீஸ், வேண்டாம். பயத்துல கை நடுங்கறப்ப எடுக்கற கத்தி, அடுத்த நிமிஷம் யார் கையில இருக்கும்னு சொல்ல முடியாது. ஒரு தடவை கீறிட்டா, அப்புறம் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோர்ட்டுன்னு வாழ்க்கையே ரூட்டு மாறிடும். கத்தறதுக்கு விசில், கூப்பிடறதுக்கு 112, பெண்களுக்கு 181, போன்ல 'காவல் உதவி' ஆப். முடிஞ்சா ஓடுங்க. ஓடறதுல அசிங்கமே இல்லை.

பாக்கெட்டுல வைக்கிற ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்த்து, அந்தக் கான்ஸ்டபிள் கேட்ட கேள்வியைக் கேளுங்க. 'இது எதுக்கு?' டக்குனு பதில் வந்தா பாக்கெட்டுக்குள்ள. 'கெத்துக்கு'ன்னு வந்தா கடையிலேயே விட்டுடுங்க. உங்க கெத்துக்காக வேற யாரோ கையைக் கட்டி நிக்க வேண்டி வரும்.

அப்பாவோட நெயில் கட்டர் இப்ப என் சாவிக்கொத்துல. அவருக்கு என் காசுல புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். 'கத்தி நல்லா இருக்குடா'ன்னார். அவ்ளோதான் பேசினார். எனக்கு அது போதும்!

அடுத்த வாரம் வேற ஐட்டத்தோட பார்க்கலாம். டேபிள் மேல கொட்டினதை எல்லாம் எடுத்து வெச்சுடுங்க... முக்கியமா அந்த மிட்டாயைத் தூக்கிப் போடுங்க. ஜூட்!