சிப்பாய் கீழே வைத்த துப்பாக்கி எங்கே போகிறது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு மாணவரின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி மாதம் அதற்கு மாலைகள் விழுகின்றன. அவர் பெயர் ராஜேந்திரன். அண்ணாமலைப் பல்கலைக் கழக மாணவர். 1965-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி, இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர் நீத்தவர்.

ராணுவத் துப்பாக்கியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் போர்க்களங்களை மட்டுமே வரிசைப்படுத்துவது வழக்கம். ஆனால் ராணுவம் ஒதுக்கிய பிறகும் துப்பாக்கிக்கு ஆயுள் உண்டு. அந்த இரண்டாவது ஆயுள் கழிவது எல்லையிலே அல்ல, ஊருக்குள்ளே. இன்று இந்திய ராணுவம் மறுபடியும் ரைபிளை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்தக் கதையைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

கஜத்திலிருந்து மைலுக்கு

கடலூருக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1783 ஜூன் மாதம் ஆங்கிலேயரின் ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுக்காரரின் புஸ்ஸியும் அங்கே மோதிக்கொண்டார்கள். அந்நாளைய மஸ்கட் துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பால் நின்றவனைக் குறி வைத்து வீழ்த்துவது அரிது. இருபதாம் நூற்றாண்டில் வந்த '303' ரைபிளோ வேறு ஜாதி. அதன் குறிக்காட்டியில் 2,000 கஜம் வரை அளவு பொறிக்கப்பட்டிருந்தது. அதாவது ஒரு மைலுக்கும் மேலே! வங்காளத்து ஈசாப்பூரில் 1904-ல் ஏற்பட்ட ரைபிள் தொழிற்சாலை இதை லட்சக்கணக்கில் செய்து குவித்தது. இரண்டு உலக மகா யுத்தங்களிலும், 1947-48 காஷ்மீர்ப் போரிலும் நம் சிப்பாயின் தோளில் தொங்கியது இதுதான்.

அதற்குச் சோதனை வந்தது 1962-ல். ஒவ்வொரு தோட்டா சுட்ட பிறகும் 303-ன் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். எதிரே வந்த சீனப் படையிடமோ, விசையை அழுத்த அழுத்த, அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. தோல்விக்குத் துப்பாக்கி மட்டுமே காரணமல்ல. பனிமலைக்கு ஏற்ற உடுப்பும் இல்லை, பாதையும் இல்லை. ஆனாலும் 303-ன் காலம் முடிந்துவிட்டது என்பது அன்றே தெரிந்து போயிற்று.

திருச்சியில் பிறந்த எஸ்.எல்.ஆர்.

அதன் இடத்துக்கு வந்தது 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். இருபது தோட்டா கொள்ளும், தானே நிரப்பிக்கொள்ளும். பெல்ஜியம் நாட்டு மாதிரியை ஒட்டி இந்தியாவில் செய்யப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை: அதன் அடிக்கட்டையில் பொருத்திய தகடு பழைய 303-னுடையதே. எண்ணெய்ப் புட்டியும் குழாய் துடைக்கும் கயிறும் வைக்கும் பொந்து கூட அப்படியே இருந்தது! 1966-ல் ஏற்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இது உற்பத்தியாயிற்று.

1971 வங்க யுத்தத்தில் எஸ்.எல்.ஆர். நல்ல பெயர் எடுத்தது. ஆனால் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படைக்கு அது பாரமாகத் தோன்றியது. புதருக்குள்ளிருந்து சரமாரியாகச் சுடும் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரே, நீளமான எஸ்.எல்.ஆர். தடுமாறியது. பின்னர் வந்த 5.56 மில்லிமீட்டர் 'இன்சாஸ்', 1999 கார்கில் குளிரில் குறைகளைக் காட்டிற்று. இப்போது அமேதி அருகே கோர்வாவில் ரஷ்யக் கூட்டுறவுடன் ஏ.கே.203 தயாராகிறது. 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள்!

பழையது போலீசுக்கு

சரி, சிப்பாய் கீழே வைத்தவை எங்கே போயின? பெரும்பாலும் போலீஸ் ஆயுத அறைக்குத்தான். உத்தரப் பிரதேசப் போலீஸார் 303-க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தன்று. ராணுவம் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து! 2008 நவம்பரில் பம்பாய் ரயில் நிலையத்தில் ஏ.கே.47-உடன் புகுந்த கொலைகாரர்களைப் போலீஸார் எதிர்கொண்டது இந்தப் பழைய 303-ஐ வைத்துக்கொண்டுதான்.

பயங்கரவாதியை எதிர்க்க அது போதாது. ஆனால் நிராயுதபாணியான கூட்டத்துக்கு முன்னால் அதுவே மிகை. அரை மைல் தாண்டியும் ஆளைக் கொல்லவென்று செய்யப்பட்ட தோட்டா, இருபது கஜத்தில் நிற்பவன் மேல் பாய்ந்தால் என்னவாகும்? அவனைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவனையும் தாக்கும். வேடிக்கை பார்க்க வந்தவனையும் அது விடாது.

இது அந்நிய சர்க்காருக்கும் தெரிந்திருந்தது. 303 போன்ற உருவிலேயே, நெடுந்தூரம் பாயாத '410 மஸ்கட்'டைச் செய்து போலீசுக்குக் கொடுத்தார்கள். கருணையினால் அல்ல, ஆயுதம் கலகக்காரர் கையில் சிக்கினாலும் பெரிதாகப் பயன்படக் கூடாதென்ற ஜாக்கிரதையினால். காரணம் எதுவானாலும், ஊருக்குள் ஒன்று, போர்க்களத்துக்கு வேறு என்ற பாகுபாடு அன்று இருந்தது.

மாணவரும் துப்பாக்கியும்

சிதம்பரத்துச் சம்பவத்தில் இன்னொரு முரண்பாடும் உண்டு. சீனப் படையெடுப்புக்குப் பிறகு, 1963-ல், கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. தேசத்தைக் காக்கத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொள் என்று இளைஞர்களை அழைத்தது சர்க்கார். இரண்டு வருஷம் கழிவதற்குள், அதே மாணவ சமுதாயத்தின் மீது தென்னார்க்காடு மாவட்டத்தில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. 1968 ஜனவரியில் சட்டசபை நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி. அணிவகுப்பில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் ஓர் அம்சம்!

அது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். போலீஸ் வேன் மீது ஏறி நின்று ஒருவர் எஸ்.எல்.ஆரால் குறி பார்க்கும் காட்சியை நாடே பார்த்தது. வங்க யுத்தத்தில் பெயரெடுத்த அதே ரகந்தான்.

போலீசுக்கு நல்ல ஆயுதம் வேண்டாமென்பதல்ல வாதம். பயங்கரவாதியைப் பிடிக்கப் போகிறவனுக்கு நவீன ரைபிள் அவசியம். அதற்கெனப் பயிற்சி பெற்ற தனிப் படையிடம் அது இருக்கட்டும். ஊர்வலத்தின் முன் நிறுத்தப்படுகிற போலீஸ்காரர் கையில் யுத்த ரைபிள் எதற்கு?

ஏ.கே.203 வர வர, இன்சாஸ் துப்பாக்கிகள் ராணுவத்திலிருந்து விடுதலையாகும். ஏற்கெனவே அந்த ரகம் போலீஸ் படைகளில் புழங்குகிறது. மிச்சமும் வந்து சேரும்போது, எத்தனை வந்தன என்ற கணக்கோடு அதிகாரிகள் நின்றுவிடக் கூடாது. எந்த வேலைக்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கவே கூடாது என்று எழுதி வைத்து, மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சிதம்பரத்துச் சிலைக்கு மாலையிடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.