31 நாளா, 352 நாளா?

“உள்ள போட்டாத்தான் புத்தி வரும்.” வானொலியில் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வீட்டில் பணம் காணாமல் போய், சங்கிலி அடகுக் கடைக்குப் போய், தூக்கமும் போய்விட்ட அம்மாவோ அண்ணனோதான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள்.

ஆனால், உள்ளே போட்டால் உண்மையிலேயே புத்தி வருகிறதா? நம் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். அந்த ஆய்வு நடந்த காலத்தில், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் போதைக்கு அடிமை என்று சோதனையில் உறுதியானால், மாஜிஸ்திரேட் அவரை இரண்டு ஆண்டுகள் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப முடிந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பு. பெயர்தான் மறுவாழ்வு, கதவு என்னவோ வெளியே பூட்டியிருந்தது. 2010 முதல் வேறொரு வழியும் வந்தது. தாமாகவே வருகிறவர்களுக்கு மெதடோன் மருந்து கொடுக்கும் திறந்த மையங்கள் தொடங்கப்பட்டன.

இந்த இரண்டு வகை மையங்களிலிருந்தும் வெளியே வந்த ஹெராயின் பழக்கக்காரர்களை ஆய்வாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்து, சிறுநீர்ச் சோதனை செய்தார்கள். முடிவு 2017இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்தது. பூட்டிய மையத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். திறந்த மையத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்ப 352 நாள் ஆனது.

“தானா வந்தவனுக்குத் திருந்தணும்னு ஆசை இருக்கும், அதான் வித்தியாசம்” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை அது. ஆனால், சீட்டுக் குலுக்கியது போலவே பிரித்துச் செய்த இன்னோர் ஆய்வும் இருக்கிறது. அது நடந்தது நம் ஜொகூரில், மூவாரில்.

2003இல் தொடங்கிய அந்த ஆய்வில் ஹெராயினை விட வந்த 126 பேர் கலந்துகொண்டார்கள். எல்லாருக்கும் ஆலோசனை உண்டு. அதோடு ஒரு பிரிவுக்கு பியூப்ரனார்ஃபின், இன்னொரு பிரிவுக்கு நால்ட்ரெக்ஸோன், மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பியூப்ரனார்ஃபின் எடுத்தவர்கள்தான் அதிக நாள் ஹெராயினைத் தொடாமல் இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், 22 மாதத்திலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். 2008இல் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது.

காரணம் மூளையில் இருக்கிறது. ஹெராயின் போய் உட்காரும் நாற்காலிகள் அங்கே உண்டு. தினமும் ஹெராயின் பழகிய மூளைக்கு அந்த நாற்காலி காலியானால் உடம்பு நடுங்கும், எலும்பு வலிக்கும், வயிறு கலங்கும். மெதடோனும் பியூப்ரனார்ஃபினும் அதே நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்துகொள்கின்றன. தவிப்பு அடங்குகிறது. ஆள் வேலைக்குப் போகிறார். பூட்டிய அறை அந்தத் தவிப்பை ஆற்றுவதில்லை, தள்ளித்தான் போடுகிறது.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. பல மாதம் தொடாமல் இருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்த பையன் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். “திருந்தி வந்துட்டான்” என்று வீடு நிம்மதி அடையும் அந்த முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை.

இரண்டு விஷயங்களையும் சொல்லியாக வேண்டும். இந்த மருந்துகள் ஹெராயின் வகைக்கு மட்டும்தான். இன்று இளைஞர்களிடம் பரவியிருக்கும் சியாபுவுக்கு இப்படிப்பட்ட மாற்று மருந்து இல்லை. அங்கே ஆலோசனையும் தொடர் சிகிச்சையும்தான் வழி. அடுத்து, விற்பவனை விட்டுவிடச் சொல்லவில்லை. விற்பவன் வேறு, விழுந்து கிடப்பவன் வேறு.

போலீஸ் வந்து பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிகிச்சை வேண்டும் என்று ஒருவர் தாமாகவே தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகே-யிடம் விண்ணப்பிக்க, அதே 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பல அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் மெதடோன் சிகிச்சை இருக்கிறது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். இந்த வாரம் கிளினிக்குக்குப் போகும்போது, மருந்துக்கு வரிசையில் நிற்கும் ஒருவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவர் வேலைக்குப் போகும் வழியில் வந்தவராக இருக்கலாம்.