பெசன்ட் நகரில் ஒரு ஃப்ளாட்: விற்பது யார் வீட்டுச் சொத்து?

"சார், இது பெசன்ட் நகர். பீச்சுக்கு நடந்து போயிடலாம். சதுர அடி இருபதாயிரத்துக்குக் கீழ பேச்சே கிடையாது."

சென்னையில் வீடு தேடுகிற யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. அடையாறு, போட் கிளப், அண்ணா நகர்... ஏரியா பெயரும் எண்ணும் மட்டும்தான் மாறும். கேட்பவரும் 'பாஷ் ஏரியான்னா சும்மாவா?' என்று தலையை ஆட்டிவிட்டு பாங்க் லோனுக்கு அலைய ஆரம்பித்துவிடுவார். அந்த இருபதாயிரத்தில் எதற்கு எவ்வளவு என்று கேட்பதில்லை. கால் கிலோ கத்திரிக்காய்க்குக் கேட்கிற கேள்வியை இரண்டு கோடி ரூபாய்க்குக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை!

கணக்கு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. இப்போதைய விதிப்படி சாதாரணமாக மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஆக 4,800 சதுர அடி, 1,200 வீதம் நாலு ஃப்ளாட், கீழே கார் பார்க்கிங். ஒரு ஃப்ளாட்டின் விலை 2 கோடியே 40 லட்சம். அதைக் கட்ட என்ன ஆகும்? நல்ல தரமாகவே கட்டினாலும் சதுர அடிக்குச் சுமார் மூவாயிரம் ரூபாய் என்று வைத்தால் 36 லட்சம். மீதி இரண்டு கோடி சொச்சம்? பிரிக்கப்படாத பங்கு என்று பத்திரத்தில் எழுதித் தருகிற 600 சதுர அடி மண்ணுக்கும், பில்டர் லாபத்துக்கும்.

இதே சிமெண்ட், இதே கம்பி, இதே டைல்ஸ் போட்டு கூடுவாஞ்சேரியில் சதுர அடி ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு விற்கிறார்கள். அங்கே மேஸ்திரி மட்டமான ஆளும் இல்லை, இங்கே சிமெண்ட்டில் தங்கம் கலப்பதும் இல்லை. வித்தியாசம் முழுக்க மண்ணில் இருக்கிறது. பில்டருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பழைய வீட்டை இடித்து ஜாயிண்ட் வெஞ்சர் போடும்போது, கட்டுகிற ஃப்ளாட்டில் பாதியை, சில இடங்களில் அதற்கும் மேலே, நிலக்காரருக்குச் சும்மாவே கொடுத்துவிடுகிறார். கொடுத்தும் லாபம் பார்க்கிறார்.

சரி, மண்ணுக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? விவாதமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. 'எங்கப்பா அந்தக் காலத்துலயே புத்திசாலித்தனமா வாங்கிப் போட்டார்' என்பதுதான் வழக்கமான பதில். அப்பா புத்திசாலியாகவே இருக்கட்டும். பெசன்ட் நகரை உண்டாக்கியது அப்பா இல்லை, தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம்.

1961-ம் வருடச் சட்டப்படி அமைந்த அரசு வாரியம் அது. 1970-களில் இந்தப் பகுதியில் மனை பிரித்து, ரோடு போட்டு, பூங்காவுக்கும் பள்ளிக்கும் இடம் விட்டு, வருமானத்துக்கு ஏற்றபடி எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வகை பிரித்துக் கொடுத்தது. தவணையில் கட்டலாம். ஆக இன்றைக்குக் கோடீசுவரர் ஏரியா என்று பெயர் வாங்கிய இடத்தில், குறைந்த வருமானக்காரருக்கு என்றே அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது! அண்ணா நகர் கதையும் ஏறக்குறைய இதுதான். 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி அதே வாரியம் போட்ட லே-அவுட். இரண்டு ஊரையும் உண்டாக்கியது மார்க்கெட் அல்ல, அரசாங்கம்.

அதற்குப் பிறகு மதிப்பு ஏறியதற்கும் காரணம் வேறு ஆட்கள். காற்று நன்றாக இருக்கிறது என்கிறார்களே, அந்தக் காற்று கிண்டி தேசியப் பூங்காவிலிருந்தும், 1959-ல் வந்த ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்தும், 1882-லிருந்து அடையாற்றில் இருக்கிற பிரம்மஞான சபையின் தோப்பிலிருந்தும் வருகிறது. கடலை எந்த பில்டரும் கட்டவில்லை. பெரம்பூரிலிருந்து 29C ஓடி வருவது போக்குவரத்துக் கழகத்தின் காசில். கடற்கரையை தினம் விடியுமுன் கூட்டுவது மாநகராட்சித் தொழிலாளி. பெசன்ட் நகர் என்ற பெயர் வருவதற்கு முன்பே ஊரூர் குப்பத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் யாருக்கும் அந்த இரண்டு கோடியில் பத்து பைசா கிடையாது.

இப்போது மெட்ரோ வேறு. இரண்டாம் கட்டத்துக்கு மொத்தம் 63,246 கோடி ரூபாய், 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாதவரம் - சிப்காட் தடம் அடையாற்றுக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. ரயில் ஓடுவதற்கு முன்பே விளம்பரம் வந்துவிட்டது, 'மெட்ரோவுக்கு ஐந்தே நிமிடம்'. ரயில் பாதைக்குக் காசு போடுவது கும்மிடிப்பூண்டி, திருநெல்வேலி, எல்லா ஊர்க்காரரும் கட்டுகிற வரி. அந்த ஐந்து நிமிடத்துக்கு விலை வைத்து வாங்கிக்கொள்வது, அங்கே இரண்டு கிரவுண்டு வைத்துக்கொண்டு நியூஜெர்சியில் உட்கார்ந்திருப்பவர். (அவர் மேல் கோபம் இல்லை. சட்டம் எடுத்துக்கொள் என்கிறது, எடுத்துக்கொள்கிறார்.)

'அரசாங்கத்துக்குத்தான் ஸ்டாம்ப் டூட்டி போகுதே' என்று ஒருவர் கேட்பார். போகிறது, லட்சக்கணக்கில் போகிறது. ஆனால் கட்டுவது யார்? வாங்குகிறவர். உட்கார்ந்த இடத்தில் மதிப்பு ஏறியவர் அல்ல. அவருக்கு உண்டான மூலதன ஆதாய வரியையும், லாபத்தை உரிய கெடுவுக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் 10 கோடி வரை கட்ட வேண்டியதில்லை. சொத்து வரி? அது இன்னும் தமாஷ். சென்னையில் 1998-க்குப் பிறகு 2018-ல் ஒருமுறை ஏற்றினார்கள், கூச்சல் வந்ததும் 2019-ல் நிறுத்திவைத்தார்கள், கடைசியில் 2022-ல்தான் ஏற்றினார்கள். நடுவில் போன இருபத்து நாலு வருடத்தில் மனை விலை எத்தனை மடங்கு ஏறியது என்று அதே புரோக்கரைக் கேட்டால் தெரியும்.

வாங்குகிறவர் பாவம். விலையில் கால் பங்கு, 60 லட்சம், கையிலிருந்து போட வேண்டும். மீதி 1 கோடியே 80 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் இருபது வருட லோன் என்றால் மாதம் சுமார் 1,56,000 ரூபாய் இ.எம்.ஐ. முடிக்கும்போது பாங்குக்குக் கட்டியது மட்டும் மூன்றே முக்கால் கோடி. கேம்பஸில் வேலை கிடைத்து வருடம் நாலு லட்சம் வாங்குகிற ஒருவர், ஒரு டீ கூடக் குடிக்காமல் அறுபது வருடம் சேர்த்தால் இந்த ஃப்ளாட்டின் விலை வரும், வட்டி தனி. ஆனால் அவருடைய தாத்தா மாதிரி ஒரு கிளார்க்குக்கு இதே தெருவில் அரசாங்கம் மனை கொடுத்தது.

இதில் ஒரு கொசுறு வேறு. ரியல் எஸ்டேட் சட்டம் 2016-ல் வந்தது, ரெரா இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பவர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை படிப்பது நல்லது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டுக்கு மேற்படாத ஃப்ளாட் என்றால் பதிவே தேவையில்லை. ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர், இரண்டு சேர்த்தாலும் 446. பழைய பணக்கார ஏரியாக்களில் வீட்டை இடித்துக் கட்டுகிற நாலு ஃப்ளாட், ஆறு ஃப்ளாட் 'பொட்டிக்' கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த ஓட்டையில் நுழைந்துவிடும். ஊரிலேயே அதிக விலை, பாதுகாப்பு மட்டும் கம்மி.

பத்திரம் பதிந்த மறுநாளே பாதிக்கப்பட்டவர் கட்சி மாறிவிடுகிறார் என்பதுதான் வேதனை. வாசலில் தள்ளுவண்டி நின்றால் மதிப்பு குறையும், குப்பத்துப் பக்கம் பார்த்த பால்கனி என்றால் மதிப்பு குறையும், வாடகைக்கு விடும்போது சைவம் மட்டும். வீட்டு வேலைக்கு மட்டும் ஆள் பக்கத்திலேயே வேண்டும்! ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களை 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து பாத்திரம் தேய்க்கிறவருக்கு, ஏரியாவின் மதிப்பில் பங்கு இல்லை, பஸ் டைம் மாறிப்போனால் திட்டு மட்டும் உண்டு.

வேறு வழியே இல்லை என்பதெல்லாம் சப்பைக்கட்டு. நம் வாரியத்துக்கு ஒரு வருடம் முன்னால், 1960-ல், சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. அங்கே நிலத்தை ஒரேயடியாக எழுதிக் கொடுப்பதில்லை, வீடு 99 வருடக் குத்தகைக்குத்தான். 2021-லிருந்து ஊரின் மையத்தில் இருக்கும் புது வீடுகளுக்கு இன்னொரு நிபந்தனை: மறுவிற்பனை செய்யும்போது விலையில் ஒரு பங்கைக் கழகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் வந்த ரோச்சோர் வீடுகளுக்கு அது 6 சதவீதம். அங்கேயும் மறுவிற்பனையில் மில்லியன் டாலர் தாண்டிய வீடுகள் உண்டு, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் 'இந்த இடத்தின் மதிப்பை ஊர் உண்டாக்கியது, ஊருக்கும் பங்கு உண்டு' என்பதைப் பத்திரத்திலேயே எழுதி வைக்கிற தைரியம் இருக்கிறது. நம் வாரியம் தவணை முடிந்ததும் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று அதே ஊரில் ஒரு கிளார்க்குக்கு வீடு கொடு என்றால் வாரியத்தால் மனை வாங்க முடியாது.

இப்படியெல்லாம் சொன்னால் உடனே ஒரு பெரியவரை முன்னால் நிறுத்துவார்கள். பென்ஷனில் காலம் தள்ளுகிறார், 1975-ல் கிடைத்த எம்.ஐ.ஜி. வீடு, அவரிடம் போய் நில மதிப்பு வரி கேட்பாயா என்று. கேட்க வேண்டாம். அவர் இருக்கிறவரை, அவருக்குப் பிறகு மனைவி இருக்கிறவரை, ஒரு ரூபாய் கூடக் கேட்க வேண்டாம். கைமாறுகிற அன்று, சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீசில், வாங்குகிறவர் கையிலிருந்து ஸ்டாம்ப் டூட்டி பிடுங்குவதற்குப் பதிலாக, விற்கிறவருக்குப் போகிற தொகையிலிருந்து மண்ணுக்கு ஏறிய மதிப்பில் ஒரு பங்கை எடுத்து, அந்தப் பணத்தில் பெரும்பாக்கத்தில் அல்ல, அடையாற்றிலேயே வாடகை வீடு கட்டட்டும். இடித்துக் கட்டுகிற ஒவ்வொரு ஜாயிண்ட் வெஞ்சருக்கும் இதே விதி. நியூஜெர்சிக்காரருக்கு அப்போதும் கோடி ரூபாய் மிஞ்சும்.