வேடிக்கை பார்ப்பவர் வேடம் எது?

"விளையாட்டில் யாரையோ கொள்ளையடித்தால் எனக்கென்ன சித்தப்பா?" என்று கேட்டான் அண்ணன் மகன்.

1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில், நகருக்குள் திருட்டைக் கண்டவர் 'கார்ட்ஸ்' என்று தட்டினால் போதும். காவலர்கள் தோன்றித் திருடனை வீழ்த்துவார்கள். நகரைத் தாண்டினால் அந்தக் காவல் இல்லை. அங்கே சக ஆட்டக்காரர்களே துணை.

திருடுவதும் அங்கே ஒரு தொழில்தானே என்பார்கள். உண்மைதான். தடுப்பதும் அதே ஆட்டத்தின் பகுதிதான். பொருள் கற்பனை, அதைச் சேர்க்க ஒருவர் கண்விழித்த இரவுகள் கற்பனையல்ல.

தோற்கும் சண்டையில் குதிக்கச் சொல்லமாட்டேன். ஆனால், ஒரு சொல் தட்டினால் ஒருவர் தப்புவார் என்றால் தட்டத்தான் வேண்டும். திருடனாவது தன் வேடத்தை ஆடுகிறான். வேடிக்கை பார்ப்பவருக்கு என்ன வேடம்?